பக்கத்து இயந்திரத்தின் ஓசை

குன்றின்மேல் நின்று குறை கேட்கும் குமரன் திருவடிக்கு வணக்கம்.

இன்று தைப்பூசம். பழனிக்கு நடப்பவர்களின் அரோகரா முழக்கம் வாசல் வரை கேட்கிறது. பூசை முடித்துத் திருநீறு துலங்கக் கூடத்துக்கு வந்தால், பேத்தி மீனா கணினி முன் அமர்ந்திருக்கிறாள். நிரல் எழுதப் பழகுகிறாள். திருநாளிலும் அவளுக்கு ஓய்வில்லை.

"நேத்து எழுதினதையே இன்னைக்கும் எழுதுறியேம்மா?"

"தப்பாப் போன இடத்தை மட்டும் தாத்தா. பழசைப் பாக்காம திரும்ப எழுதுறேன். சரியா வர்றதை எதுக்கு எழுதணும்?"

கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் காதர் ஏறக்குறைய இதையேதான் சொன்னான். அன்றும் எனக்கு வயிறு எரிந்தது.

காதர் என்னோடு பள்ளி இறுதி முடித்தவன், பேகம்பூர்க்காரன். திண்டுக்கல் கடைவீதி மாடியில் இருந்த டைப் இன்ஸ்டிடியூட்டில் இருவரும் அடுத்தடுத்த இயந்திரங்களில் பழகினோம். மை நாடாவின் வாசனையோடு கீழ்க்கடைப் பூந்தியின் நெய் மணமும் ஏறி வரும். சஷ்டி விரத நாட்களில் அந்தப் பூந்தி என் பக்தியைச் சோதித்த கதை தனி. அதில் நான் எப்போதும் வென்றேன் என்று சொல்லமாட்டேன்.

நான் வேகக்காரன். தாளின் தலையில் ஆங்கில எழுத்தில் 'முருகன் துணை' என்று அடித்த பிறகே பாடத்தைத் தொடுவேன். தொட்டால் கடைசி வரி வரை நிறுத்தமாட்டேன். காதரோ ஒரே சொல்லில் ஊர்ந்துகொண்டிருப்பான்.

"ஏலே காதரு, அம்புட்டு நேரமா ஒரே வார்த்தையா? மிஷினே தூங்கிரும்டா."

"சுண்டுவிரல் ஏமாத்துதுப்பா. அதைத்தான் பழக்குறேன். நல்லா வர்றதை அடிச்சு என்ன செய்ய?"

சில மாதங்களில் அவன் இயந்திரத்தின் ஓசை மாறியது. தடுமாறாத, சீரான தாளம். சந்தம் பிசகாத பாடலுக்கு உருகும் என் செவி, அந்தத் தாளத்துக்கு மட்டும் கொதித்தது.

அப்போதுதான் தோல் மண்டி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை ஒன்று காலியானது. அது கிடைக்காவிட்டால் நான் சாணார்பட்டி மாமாவின் பூந்தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. எங்கள் இருவருக்கும் முதலாளி, சீமைக்கு அனுப்பும் கடிதம் ஒன்றைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். நானே முதலில் முடித்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னப்பு, வெள்ளைக்காரனுக்கும் முருகன் துணையா? இருக்கட்டும், நல்லதுதான். அவனுக்குப் புரியாதே. வேற தாள் எடுங்க."

இம்முறை கூடாது என்று உறுதி பூண்டே தொடங்கினேன். விரல்கள் என்னைக் கேட்கவில்லை. இரண்டாம் தாளிலும் முருகனே முதலில் வந்து நின்றான். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டார். காதரின் தாளில் பிழையே இல்லை, வேலை அவனுக்கு.

படியிறங்கும்போது, "செத்த நேரம் நில்லுப்பா, கோவமா?" என்றான் காதர்.

"எனக்கென்னடா கோவம்? மல்லிகை வாசத்துல இருக்கப் போறேன். நீ தோல் நாத்தத்துல கெட."

மறுநாள் சந்நிதியில் நின்று வழக்குரைத்தேன். 'உன் பெயரை முதலில் எழுதியவன் நான். அருளை அவனுக்குக் கொடுத்தாயே.' அடியார்கள் இறைவனோடு வழக்காடிய பாடல்கள் பல எனக்கு மனப்பாடம். என் வழக்கு அவற்றைவிடச் சிறியது; சூட்டில் குறைந்ததன்று.

பின்னர் எனக்கும் ஓர் அலுவலகத்தில் இடம் கிடைத்தது, தவறாய் வந்த சொற்களை மட்டும் நாள்தோறும் அடித்துப் பழகியதால். யாருடைய முறை அது என்று காதரிடம் சொல்லவே இல்லை.

இன்று அந்த மாடியில் செல்போன் விற்கிறார்கள். மண்டி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். காதரும் போய்ச் சேர்ந்துவிட்டான். பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் எதிரில் ஆளில்லை.

இதை வாசிக்கும் அனைவருக்கும் குமரன் நீண்ட ஆயுளும் தளராத கையும் தருவானாக. உங்களைவிட ஒரு படி நன்றாகப் பழகும் ஒருவரையும் அருகிலேயே அமர்த்துவானாக.