போகாமலே போட்ட டிரான்ஸ்பர் சேல்

என் வீட்டு ஃபிரிட்ஜுக்குள், முட்டை வைக்கும் தட்டுக்கு மேலே, 'ஆரவ்' என்று இந்தியில் பேனாவால் எழுதியிருக்கிறது. ஆரவ் யார் என்று எனக்குத் தெரியாது. பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் ஏழெட்டு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருக்கின்றன. அவை என் மனைவி செல்வியுடையவை அல்ல. கட்டிலின் தலைமாட்டில் ஏதோ ஒரு குழந்தை பல் முளைக்கும் காலத்தில் கடித்துப் பார்த்த தடம். பதினேழு வருடங்களாகப் போர்ட் பிளேரில் இருக்கிறேன் (பலகைகளில் ஊருக்கு இப்போது வேறு பெயர், ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை). ஊரில் மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள், மேசை நாற்காலி மாறும். இங்கே மேசை நாற்காலி இருக்கும், மனிதர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். கடற்படைக்காரர், பேங்க்காரர், மத்திய அரசு ஊழியர் என்று இரண்டு மூன்று வருடத்துக்கு வருகிறவர்கள், மாற்றல் உத்தரவு கையில் கிடைத்ததும் சாமானைக் கப்பலேற்றும் செலவுக்குப் பயந்து எல்லாவற்றையும் விற்றுவிட்டு விமானம் ஏறுவார்கள். அதற்கு டிரான்ஸ்பர் சேல் என்று பெயர். நாங்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியில் மொட்டைமாடிக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனால், எங்கோ ஒரு வாஷிங் மெஷின் கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

அப்படி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியே கடனாளியான ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்களிடம் மூன்று மிக்சி இருந்தது. மூன்றும் மலிவு.

ஆனால் மிக்சியால் மட்டும் யாரும் மூழ்குவதில்லை. நான் பரமக்குடிப் பக்கத்துக்காரன். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சரக்குக் கம்பெனியின் போர்ட் பிளேர் கிளையில் கிளார்க். ஊரில் 'அந்தமான்ல இருக்கான்' என்று சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். கடல் தாண்டி, விமானத்தில் வந்து இறங்குகிறவன் அல்லவா! இங்கேயும் அதே ரூபாய்தான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. துபாய்க்காரன் திர்ஹாம் சம்பாதித்துச் செய்கிற செலவை நான் ரூபாய் சம்பாதித்துச் செய்தேன். மே மாதம் நான், செல்வி, மகள் மூன்று பேருக்கும் விமான டிக்கெட், கிரெடிட் கார்டில். கப்பலில், அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாசில் மூன்று நாள் வாந்தியோடு மலிவாகப் போகலாம்தான். ஆனால் கப்பலில் வந்தவனை அழைத்துப்போக மதுரை விமான நிலையத்துக்குக் கார் வராதே. (அந்தக் காருக்கும் வாடகை நான்தான்.) மதினிக்கு இங்கே அபர்தீன் பஜாரில் வாங்கிய முத்து மாலை, மச்சினனுக்குக் கைக்கடிகாரம், தெருவில் எதிர்ப்பட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஐநூறு ரூபாய்.

இதற்கெல்லாம் சிகரம் மாடி ரூம். "நீ வந்தா தங்கறதுக்கு ஒரு ரூம் வேணாமாடா?" என்று என் அண்ணன் ஒரு தடவை கேட்டார். அவ்வளவுதான். பேங்கில் பர்சனல் லோன் எடுத்து, அண்ணன் வீட்டு மாடியில், டைல்ஸ் ஒட்டி, ஏசி மாட்டி, குளியலறையோடு ஒரு ரூம் கட்டினேன். வருடத்தில் பத்து நாள் அதில் படுத்தேன். ஓர் இரவுக்கு என்ன விலை என்று ஒருநாள் செல்வி கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்த விலைக்கு ஹேவ்லாக் தீவில் கடலைப் பார்த்த அறையும் காலைச் சாப்பாடும் தருவார்கள். போன மே மாதம் அதிலும் மண். மாடியில் கரையான் மருந்து அடித்திருக்கிறது, நெடி தாங்காது என்று அண்ணன் எங்களைக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். என் ஏசிக்கு நேர் கீழே, மின்விசிறிக் காற்றில், பத்து நாள்.

இந்த வருடம் ஒருநாள், கார்டு பாக்கிக்காகப் பேசுகிற ஒருவன் என் அலுவலக நம்பருக்கே போன் செய்தான். மாதக் கடைசிக்குள் ஒரு தொகை கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும் என்றான். எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு, ஆறு வாசலும் ஒரே முற்றத்தைப் பார்த்திருக்கும். கடன் இருப்பதுகூடப் பரவாயில்லை, முற்றத்தில் நின்று ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. அன்று மாலை செல்வி எங்கள் மகள் பவித்ராவின் பழைய கணக்கு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதினாள்.

"முழுசா ஒரு பக்கம் வந்துருச்சு" என்றேன். "எனக்குன்னு ஒரு சரித்திரம்."

"சிரிக்காதீங்க. எதை விக்கலாம்னு சொல்லுங்க."

பெரிய டிவி, வீட்டு ஏசி, சோபா, இரண்டாவது ஸ்கூட்டர், வாஷிங் மெஷின், மூன்றில் இரண்டு மிக்சி. பட்டியல் சுலபமாக வந்தது. விற்கிற காரணம்தான் வரவில்லை. ஒரே வாரத்தில் ஒரு வீட்டிலிருந்து இத்தனை சாமான் வெளியே போனால் காம்பவுண்டுக்குப் புரியாதா? அப்போதுதான் செல்வி சொன்னாள்.

"டிரான்ஸ்பர் சேல்னு போட்டுருவோம். சென்னை ஆபீசுக்கு மாத்திட்டாங்கன்னு. இங்க யாரு வந்து ஆர்டரைக் காட்டுன்னு கேக்கப் போறா?"

எவ்வளவு கௌரவமான பொய்! இந்த ஊரில் சாமான் விற்கிறவனை யாரும் பாவமாகப் பார்ப்பதில்லை, பொறாமையோடு பார்ப்பார்கள். 'மெயின்லேண்டுக்குப் போறான்' என்று.

மூன்றே நாளில் பாதி விற்றது. வாஷிங் மெஷினை வாங்க வந்த ஒரு கடற்படைக்காரரின் மனைவி எங்கே போஸ்டிங் என்று கேட்டார். சென்னை என்றேன். "லக்கி ஹோ ஆப்", கொடுத்துவைத்தவர் நீங்கள், என்று பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். அவர் ஒரு காரணத்துக்கு, நான் வேறு காரணத்துக்கு. பக்கத்து வீட்டு வங்காளி, பிஸ்வாஸ் தாதா (அவர்கள் மொழியில் தாதா என்றால் அண்ணன்), தமிழன் எவனாயிருந்தாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் தினமும் வாசலில் நின்று, "அண்ணா, கப் ஜா ரஹே ஹோ?" என்பார். எப்போது கிளம்புகிறாய் என்று அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சீக்கிரம் காலி பண்ணு என்று காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பவித்ராவின் தோழிகள் ஆளுக்கொரு பக்கம் எழுதி ஒரு நோட்டுக் கொடுத்துவிட்டார்கள். "அப்பா, எல்லாரும் அழறாங்க. நானும் அழணும்ல, தேதி சொல்லுங்க" என்றாள்.

சோபாவை வாங்கியது சாகுல் பாய். கீழக்கரைக்காரர், முப்பது வருடமாக இங்கே மளிகைக் கடை. நான் வந்த புதிதில் கையெழுத்து, சாட்சி எதுவும் இல்லாமல் எனக்குப் பற்று வைத்துச் சாமான் கொடுத்த முதல் ஆள். அதுவரை "வாடா, போடா" என்று பேசியவர், சேதி கேட்டு வீட்டுக்கு வந்த அன்று "எப்பக் கிளம்புறீங்க?" என்றார். என் பற்றுப் பாக்கியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். சோபாவை ஒரு முறை தட்டிப் பார்த்தார். நான் கூச்சமே இல்லாமல் ஏற்றிச் சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தார். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆட்டோவில் சோபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டே சேர்ந்து எங்களுக்கு வழியனுப்பு விழா நடத்தியது. எனக்கு மாலை போட்டார்கள். வாழ்க்கையில் கல்யாணத்துக்கு அப்புறம் விழுந்த இரண்டாவது மாலை. இரண்டு தடவையும் எதிர்த்துப் பேசும் நிலையில் நான் இல்லை. தாதா மீன் குழம்பு செய்திருந்தார். கடைசியில், எல்லோரும் காசு போட்டு வாங்கிய ஒரு கடிகாரத்தைக் கொடுத்தார்கள். சிவந்த படாக் மரத்தில், தீவுகளின் வரைபடம் போலவே நீளமாக அறுத்து, போர்ட் பிளேர் இருக்கும் இடத்தில் ஒரு பித்தளைக் குமிழ். கீழே 'அந்தமானை மறக்காதீர்கள்' என்று இந்தியில். தாதாவுக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. மீன் முள் என்று சமாளித்தேன்.

மாலையோடு நான் நிற்கும் படத்தைப் பவித்ரா வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் போட்டிருக்கிறாள். மறுநாள் காலையிலேயே அண்ணனிடமிருந்து போன்.

"டேய் ராசு, மொத்தமா வந்துர்றியாமே?"

அந்தக் குரலில் சந்தோஷத்தைத் தேடினேன். அங்கே இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"எங்கடா தங்கப் போற?"

"எங்கன்னா? மாடி ரூம் இருக்குல்லண்ணே."

 

"அது வந்து... அதுல ஒரு பேங்க்காரத் தம்பி இருக்காருடா. தங்கமான பையன். ஏறுறது எறங்குறதே தெரியாது."

"எப்பலேருந்து?"

"ஒண்ணரை வருசம் ஆகுது. சும்மாத்தானே பூட்டிக் கெடந்துச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அப்ப அந்தக் கரையான்?"

"எந்தக் கரையான்?"

அவருக்கு மறந்தே போயிருந்தது. என் கரையான் பேங்க்கில் வேலை பார்க்கிறது, மாதம் பிறந்தால் அண்ணனிடம் வாடகை கொடுக்கிறது. அந்த ரூமுக்கு வாங்கிய லோனுக்கு, அதே மாதம் பிறந்தால், இங்கே என் சம்பளத்திலிருந்து தவணை போகிறது. செல்வி போனை வாங்கினாள். "அத்தான், அந்த வாடகையை இந்த லோனுக்கே கட்டிருங்களேன், நாங்க கொஞ்சம் மூச்சு விட்டுக்குவோம்" என்றாள். அவ்வளவு தணிவாக அவள் என்னிடம்கூடப் பேசியதில்லை.

"குடும்பத்துக்குள்ள கணக்குப் பாக்க ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் வைத்துவிட்டார்.

ஊரை விட்டு வந்து வாழ்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். பணம் போனது ஒரு வலி, அதைத் தவணை போட்டு மறந்துவிடலாம். அந்தக் கூடத்தில் பத்து நாள் படுத்திருந்தபோது, மேலே யாரோ நடப்பது மாதிரிச் சத்தம் கேட்டு, எலியாக இருக்கும் என்று சொல்லி நானும் அண்ணனும் சேர்ந்து சிரித்தோமே, அதுதான் இன்னும் ஆறவில்லை. ஊரே உட்கார்ந்து சிரிக்கும் நகைச்சுவைகளை நான் சொல்லியிருக்கிறேன். என்னை வைத்தே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சாகுல் பாய் கடைக்குப் போனேன். அண்ணன் எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்கிறேன் என்பது மத்தியானம் பாதிச் சோற்றில் உறைத்திருந்தது. கடைக்குள் மூட்டைகளுக்கு நடுவில் என் சோபாவில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"பாய், எனக்கு டிரான்ஸ்பர் இல்ல."

"கேன்சல் ஆயிருச்சா? அல்ஹம்துலில்லாஹ்!" என்று எழுந்துவிட்டார்.

"கேன்சல் ஆகல பாய். வரவேயில்ல. கடன். சாமானை வித்துக் கட்டணும். கடன்னு சொல்லி விக்க வெக்கமா இருந்துச்சு."

அவர் மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சோபாவுக்கு நான் பேரம் பேசினேனா?"

"இல்ல பாய்."

"ஏன் பேசல? போற பிள்ளைக்கு வழிச்செலவுக்கு ஆகட்டும்னு பேசல. இருக்கிற பிள்ளைன்னா பாதிக்குக் கேட்டிருப்பேன்டா. நான் வியாபாரி."

"நீங்க என்ன நினைப்பீங்களோன்னு..."

"இப்ப மட்டும் என்ன நினைக்கிறேன்னு நினைக்கிற?"

 எனக்கே நகைச்சுவை வராத நேரங்கள் உண்டு. பாய் பற்று நோட்டை எடுத்தார். என் பக்கத்தைத் தேடி, சோபா விலையில் பாதியை என் பாக்கியோடு ஏற்றி எழுதினார்.

"இனிமே இந்தக் கடையில உனக்குப் பத்து கெடையாது. கைல காசு, பையில சாமான். பழைய பாக்கிய மாசாமாசம் கொண்டாந்து குடு. நீ வரணும், பிள்ளைய அனுப்பக் கூடாது."

ஒரு கடனை ஒப்புக்கொள்ளப் போய்க் கடன் கூடி வந்தவன் நான். ஆனால் 'டா' திரும்ப வந்திருந்தது. வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கார்டுக்குக் கேட்ட தொகையைக் கட்டிவிட்டோம். முற்றத்துக்கு ஆள் வரவில்லை. இந்த மே மாதம் ஊர்ப் பயணம் இல்லை. அடுத்த மேயும் இருக்காது. அண்ணனுக்கு மூன்று செய்தி அனுப்பினேன். படித்ததற்கு மூன்றிலும் நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில்தான் வரவில்லை. பிஸ்வாஸ் தாதாவிடமும் சொல்லத்தான் செய்தேன். "தாதா, டிரான்ஸ்பர் நஹீ ஹை", மாற்றல் இல்லை, என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "ஹோ ஜாயேகா அண்ணா, டென்ஷன் மத் லோ" என்றார். வந்துவிடும், கவலைப்படாதே என்று. எனக்கு உத்தரவு தாமதமாகிறது என்று அவர் வருத்தப்படுகிறார். இன்னொரு முறை விளக்க என் இந்தியும் போதாது, துணிச்சலும் போதாது.

இப்போது பரமக்குடியில் என் ஏசியின் கீழே ஒரு பேங்க்காரத் தம்பி படுத்திருக்கிறார். இங்கே என் சோபாவில் பாய் உட்கார்ந்திருக்கிறார். நான் பத்துபஸ்தி வீட்டுக் கூடத்தில், டிவி இருந்த சுவருக்கு எதிரே, பாயில் உட்கார்ந்திருக்கிறேன். டிவி மாட்டியிருந்த ஆணியில் இப்போது படாக் மரக் கடிகாரம். அந்தமானை மறக்காதீர்கள் என்று அந்தமானில் இருக்கிறவனுக்கு அது தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சாயங்கால விமானம் மெயின்லேண்ட் நோக்கிக் கிளம்பி மொட்டைமாடிக்கு மேலே போகும்போது சுவர் லேசாக அதிரும், தீவுகள் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும். எழுந்து போய் நேராக்கி வைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.