அப்பாவின் சந்தேகமும் சிவகுரு மாமாவின் நிச்சயமும்

பச்சை வேப்பிலையை நெருப்பில் போட்டால் எழும் கசந்த புகை எங்காவது மூக்கில் ஏறினால், கண் எரிவதற்கு முன்பே எனக்கு இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் மடக்கிப் பேசும் குரல் கேட்கும். ஐம்பதுகளில் இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் காணிக்கும் அடுத்த காணிக்கும் நடுவில், இழுத்துக்கொண்டு போக முடியாமல் விட்டுவிட்ட பாலை மரக்குற்றி ஒன்று கிடந்தது. பொழுது சாயும் நேரத்தில் நுளம்புக் கடிக்கு வேப்பிலைப் புகை போட்டுவிட்டு, அதன் ஒரு முனையில் என் அப்பா கந்தையாவும் மறு முனையில் அடுத்த காணிக்காரரான சிவகுரு மாமாவும் உட்கார்ந்தால் அன்றைய "கதை" தொடங்கிவிடும்.

கதை என்றால் பெரும்பாலும் அறிஞர்கள் சொன்னவைதான். கடையில் சீனியும் கருவாடும் சுற்றித் தந்த பத்திரிகைத் தாள்களில் எந்த மூலையிலாவது ஒரு பொன்மொழி இருக்கும். மாமாவின் மகள் புவனமும் நானும் அந்தத் தாள்களை முழங்காலில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தி, அவரவர் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். மாமாவுக்கு நம்பிக்கையையும் உறுதியையும் பற்றியவை பிடிக்கும். அப்பாவுக்குச் சந்தேகத்தைப் பற்றியவை. இருவரும் ஐந்தாறு வகுப்புக்கு மேல் படித்தவர்களல்லர். ஆனாலும் உலகத்துப் பெரியவர்கள் எல்லோரும் இந்த மரக்குற்றியைச் சுற்றி நின்று தங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்வதுபோலத்தான் பேசுவார்கள்.

"நம்பிக்கை இருந்தால் மலையையும் நகர்த்தலாமாம், கேட்டியே" என்பார் மாமா.

"நகர்த்தினவன் ஆரெண்டு அதில போட்டிருக்கோ?" என்று அப்பா கேட்பார்.

சந்தேகம்தான் அறிவுக்கு வாசல் என்ற கருத்தில் ஒன்றை அப்பா வாசித்துக் காட்டினால், மாமா தொடையில் தட்டிச் சிரிப்பார். "வாசலடியிலேயே நிண்டுகொண்டிருந்தால் எப்ப உள்ளுக்குப் போறது, கந்தையா?"

அன்றிலிருந்து அப்பாவுக்கு "வாசலடி ஆள்" என்று பட்டப்பெயர் விழுந்தது. மழை வருமா என்று கேட்டாலும், விதைநெல் முளைக்குமா என்று கேட்டாலும் அப்பா "பாப்பம்" என்றுதான் சொல்வார். மாமாவோ எதையும் "நிச்சயம்" என்பார். அம்மாவும் புவனத்தின் தாய் பாக்கியம் மாமியும் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே, "துவங்கீட்டினம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு மாரிகாலத்தில் புவனத்துக்குக் காய்ச்சல் வந்தது. காட்டுக் காய்ச்சல் என்கிற மலேரியா ஓய்ந்துவிட்டது என்று நுளம்புக்கு மருந்தடிக்க வந்தவர்கள் சொன்னாலும், எங்கள் பக்கத்தில் உடம்பு சுட்டால் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. மாமா மருந்துச்சாலைக்குப் போய்க் கொயினா மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். மறுநாள் பின்னேரம் அப்பா அவளைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். மாமி கஞ்சி பருக்கத் தூக்கியபோது அவளால் கழுத்தை மடக்க முடியவில்லை. வாசல் வெளிச்சம் பட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே வந்தார்.

"சிவகுரு, எனக்கெண்டால் இது சந்தேகமாக் கிடக்கு. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

மாமா சிரித்தார். "உனக்கு எதிலதான் சந்தேகமில்லை? இது காட்டுக் காய்ச்சல்தான், நிச்சயம். நாளைக்கு வேர்த்து விட்டிடும். நீ வாசலடியிலேயே நில்."

அப்பாவும் சிரித்தார். எத்தனையோ மாலைகளில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த நாள் மத்தியானம் அவளுக்கு வலிப்பு வந்தது. மாமியின் அழுகை கேட்டு வயலுக்குள் நின்ற அப்பா சேற்றுக் காலோடு ஓடிப்போய், றோட்டின் நடுவில் நின்று மரம் ஏற்றி வந்த லொறி ஒன்றை மறித்தார். மாமா மகளை மடியில் கிடத்திக்கொண்டு முன்னால் ஏற, அப்பா மரங்களின் மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கிளிநொச்சியில் பார்த்துவிட்டு அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி என்று அங்கே சொன்னார்களாம்.

தைப்பொங்கல் கழிந்து அவள் திரும்பி வந்தாள். மெலிந்து, தலைமயிர் ஒட்ட வெட்டி, முற்றத்தில் பாயில் இருந்தாள். நான் வேலியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அவள் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி வந்து என் வாயைப் பொத்தி, "அவளுக்குக் கேக்காது, பிள்ளை" என்றார்.

அன்று மாலை அப்பா அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டபோது மாமா மரக்குற்றியில் தனியே இருந்தார். அப்பா உட்காரவில்லை. மாமாதான் முதலில் பேசினார்.

"நான் சிரிச்சன், சரி. நான் அப்பிடிப்பட்ட ஆள். நீ ஏன் சிரிச்சனி?"

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்புகிறவரின் குரல் அது. அப்பா வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் காலையும் முகத்தையும் கழுவினார். நெடுநேரம் கழுவிக்கொண்டே நின்றார்.

உறவு அறுந்துவிடும் என்று அம்மா பயந்தார். அறுந்துவிடவில்லை. சில கிழமைகள் போனபின் இருவரும் பழையபடி பொழுதுபட அந்தக் குற்றியில் உட்காரத் தொடங்கினார்கள். வாய்க்கால் தண்ணீர் யாருடைய முறை, உழவுக்கு மாடு எப்போது வரும் என்று தேவையானதை மட்டும் பேசுவார்கள். மற்ற நேரமெல்லாம் சும்மா இருப்பார்கள். அப்பாவின் வாயிலிருந்து "பாப்பம்" போய்விட்டது. மாமா "நிச்சயம்" என்று சொல்லி நான் பிறகு கேட்டதில்லை. கடைத் தாள்களை அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டோம். புவனத்துக்கு எழுத்துத் தெரியும் என்பதால் எங்கள் பேச்சு சிலேட்டுக்கு மாறியது. மாமாவும் மகளுக்காகச் சிலேட்டில் மறுபடி எழுதப் பழகினார். ஒவ்வொரு சொல்லையும் எழுதிய பிறகு, சரியா என்று மாமியிடம் காட்டிக் கேட்பார்.

அந்தக் காணிகளில் இப்போது பற்றை மண்டிவிட்டது. யுத்தத்தில் எல்லோரும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில், வீடும் வேலியும் இருந்த இடமே தெரியவில்லை. மாமாவும் அப்பாவும் அதற்கு முன்பே ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். வேலை முடிந்த மனிதர்கள் பேச்சின் ருசிக்காகவே மாலையில் எதிரெதிரே உட்காரும் வழக்கத்தை நான் அதன்பின் எந்த ஊரிலும் கண்டதில்லை.

புவனம் வவுனியாவில் மகளோடு இருக்கிறாள். சென்ற ஆண்டு போயிருந்தேன். காது போன பிறகு புதிதாக ஒரு சொல்லும் அவள் கேட்டதில்லை. எந்த வாகனமும் அவளுக்கு "மோட்டார் கார்"தான். ஒவ்வொரு வசனத்தையும் எங்கள் குடியேற்றத்துக்காரரைப் போல நீட்டி முடிக்கிறாள். பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் எழும்பி முற்றத்துக்குப் போய் நின்றேன். அவளைத் தவிர அப்படிப் பேசுகிற யாரும் இப்போது உயிரோடு இல்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது பழைய மாலைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. என் உதட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"எனக்குக் காய்ச்சல் வந்து மாறின பிறகும் ரெண்டு பேரும் அந்த மரக்குத்தியில இருந்து ஆளையாள் மடக்கிப் பகிடி விட்டவையெல்லோ?"

நான் இல்லை என்று தலையசைத்தேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் வீட்டு விறாந்தையில இருந்து பாத்துக்கொண்டிருப்பன்" என்றாள். "எனக்குத்தான் கேக்கேல்லையெண்டு நினைச்சன்."