முத்தாலே வரைந்த மாலை

முகம் வரைய உட்கார்ந்தால் முத்தாலே முதலில் காதைத்தான் வரைவான். மூக்கும் கண்ணும் அப்புறம். "காது பொய் சொல்லாது அங்கிள். சிரிச்சாலும் அழுதாலும் அது அப்படியே இருக்கும்" என்பான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவன் வரையாத காது குறைவு. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ராதாகிருஷ்ணனின் காது, பூக்காரி பவுனம்மாளின் காது, ஏன், என் காதுகூட நாலைந்து அவனிடம் இருக்கிறது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் அவனுக்குக் காகிதம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறித் துறைமுகத்துப் பக்கம் பண்டமாரான் போய்விடுவான். துறைமுக வேலை முடித்து லோரிக்குக் காத்திருப்பவர்கள் களைப்பில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்களாம், வரைய வசதி.

முத்தாலே என்பது ஆப்பிரிக்கப் பெயர்; பையன் ஜாம்பியாக்காரன். கிட்வே என்ற செம்புச் சுரங்க ஊர். இருபத்துமூன்று வயது. கம்ப்யூட்டர் படிக்கத் தொண்ணூற்றாறில் கோலாலம்பூர் வந்தான். படித்தானோ இல்லையோ, வரைந்தான். அவனுக்கு அறை தேடி நானும் கூட அலைந்தேன். நம் ஆட்களின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. அவனைவிட ஒரு படி கறுப்பாக இருந்தவர்கள்கூட, "வேணாம் சார், பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற வீடு லா" என்று கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி பார்க்காத ஜென்மங்கள்! கடைசியில் என் அடுத்த வீட்டுப் பூரணம் அக்கா பின்னறையைத் திறந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த கணவர் கனகசபை இறந்து ஆறு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. "அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. இருந்திட்டுப் போகட்டும்" என்றார்.

பெயர் வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே அவனை 'முத்து' ஆக்கிவிட்டார். ஆறே மாதத்தில் பையன் தமிழ் பிடித்துக்கொண்டான், புட்டும் மீன் குழம்பும் வெளுத்து வாங்கினான். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "ஆன்டி, குழம்பு ஆறிப் போச்சு, பனாஸ் பண்ணு லா" என்று அதிகாரம் வேறு. "பண்ணுங்கோ எண்டு சொல்லடா, மடையா!" என்று அக்கா அகப்பையை ஓங்குவார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் நினைத்துக்கொள்வேன்.

மரம் மட்டை எதையும் வரையாமல் ஏன் முகமாகவே வரைகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். மூன்று வருஷத்தில் இரண்டு அண்ணன்களும் ஓர் அக்காவும் காய்ச்சல் என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லையாம். அந்த நோயின் பெயரை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். ஒருவருடைய போட்டோகூட வீட்டில் கிடையாது. "பெரிய அண்ணன் முகம் எனக்கு இப்ப வரல அங்கிள். காது மட்டும்தான் வருது" என்றான்.  போய் நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த கனகசபையின் படத்தைக் காட்டி முத்தாலே என்னிடம் கேட்டான்: "அங்கிள், இந்தப் படத்துக்கு எதுக்குப் பூமாலை, பொட்டு, சின்ன சிவப்பு லைட்டு?" செத்தவர் படத்துக்கு அப்படிச் செய்வது எங்கள் வழக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். விளக்கேற்றிய வேளையில், அக்கா பக்கத்திலேயே இருக்க, சாவு என்ற சொல்லை எடுக்க எனக்கு நா கூசியது. "மரியாதைக்கு லா தம்பி. ரொம்பப் பெரியவங்களுக்குப் போடறது" என்றேன். தலையாட்டினான். சாமி படத்துக்கும் மாலை, மேடை ஏறும் மந்திரிக்கும் மாலை. அவன் ஏன் சந்தேகப்படப் போகிறான்?

தொண்ணூற்றேழு செப்டம்பரில், ஊரெல்லாம் காட்டுத்தீப் புகைமூட்டமாக இருந்த சமயம், அக்காவுக்கு இருதய ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதே மாதம் ஆப்பிரிக்க மாணவர்கள் சேர்ந்து ஓவியக் கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள். அதற்காக முத்தாலே முதல் முறையாகத் துணியில், ஆயில் பெயின்டில் வரைந்தான். மூன்று வாரம் பின்னறைக் கதவு திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில் படத்தைக் கூடத்துக்குத் தூக்கி வந்தான்.

அசல் பூரணம் அக்கா. அதே களைத்த கண், அதே பிடிவாத வாய். கழுத்தில் முழ நீள மல்லிகை மாலை. நெற்றியில் சந்தனமும் குங்குமமும். மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு, எரிந்தபடி.

"ஆன்டி, இது நீங்க" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ முத்து... உசிரோட இருக்கேக்கையே என்னைச் சாகடிச்சுப் போட்டியேடா!"

நான் பதறிப்போய் அவனுக்கு விளக்கினேன். பாவி நான், அந்த ஒரு சொல்லை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! "தப்பு என்னோடது அக்கா" என்று கெஞ்சினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முத்தாலே உள்ளே ஓடிப் பிளேடு எடுத்து வந்து மாலையைச் சுரண்டத் தொடங்கினான். பெயின்ட் சரியாகக் காயவில்லை. மாலையோடு கழுத்தும் வழிந்துகொண்டு வந்துவிட்டது. தலை மட்டும் தனியே நின்றது. அக்கா அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மறுநாள் என்னை மட்டும் கூப்பிட்டார். "கோவம் இல்லை தம்பி. அவன் அறியாமச் செய்தவன். ஆனா அவனைப் பார்த்தா எனக்கு அந்தப் படம்தான் தெரியுது. நான் உசிரோட திரும்பி வரோணும். அவனைப் போகச் சொல்லு." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் அழுதாரே தவிர மனம் மாறவில்லை.

நான்தான் அவனிடம் சொன்னேன். பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தான். பிறகு, "ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு யாரு கூடப் போறது அங்கிள்?" என்று கேட்டான். கண்காட்சிக்கு அவன் எதையும் கொடுக்கவில்லை. சாலாக் செலாத்தானில் ஒரு டயர் கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத அறை கிடைத்தது.

புறப்பட்ட காலையில் அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டை அடைந்திருப்பான். உள்ளே வாளி இழுபடும் சத்தம். மஞ்சள் கரைத்த தண்ணீரை அக்கா பின்னறையில் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். பிணம் வாசல் தாண்டியதும்தான் நாம் வீட்டை அப்படிக் கழுவுவோம். அதையும் நான் முத்தாலேயிடம் சொன்னதில்லை. இரண்டாவது வாளியைத் தூக்க முடியாமல் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முத்தாலே கேட்டிலிருந்து அதைப் பார்த்தான். பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்தான். "ஆன்டி, நீங்க தூக்கக்கூடாது லா, டாக்டர் சொன்னாரு இல்ல" என்று வாளியை வாங்கிக்கொண்டான். கால்சட்டையை மடித்துவிட்டு, பின்னறையிலிருந்து கூடம் வரை அவனே தண்ணீர் ஊற்றி, மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, துடைப்பத்தால் வாசல் வழியே தெருச் சாக்கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான்.