சுவரைப் பார்த்திருந்த முருகன்

போன வருடம் ஆனி மாதம் என் கழுத்தின் இடது பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதற்கு முன்பே இடது காது அடைத்துக்கொண்டிருந்தது. மூக்கைச் சிந்தினால் ரத்தம் வரும். தேவிகுளத்துக்குக் கீழே, மலைக்குளிரில் எஸ்டேட் லயத்து வீட்டில் இருப்பவனுக்குச் சளி பிடிப்பதெல்லாம் ஒரு நோயா என்று விட்டுவிட்டேன். என் மனைவி பேச்சியம்மாள் சண்டை போட்டுக் கோட்டயத்துக்குக் கூட்டிப்போனாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்தார்கள். மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடத்தில் புற்றுநோய்.

பஸ்ஸில் மூணாறு வந்து சேரும்வரை முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஆபரேஷன் செய்து அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். நான் தேயிலைக் காட்டில் கவாத்து வெட்டுகிறவன். நோய் பிடித்த கிளையைக் கண்டால் நல்ல கட்டை தெரியும்வரை வெட்டுவோம், செடி மறுபடி துளிர்க்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அடுத்த முறை போனபோது டாக்டர் சிரித்த முகத்தோடு மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: "அவிடெ கத்தி எத்தில்லா சேட்டா. ரேடியேஷன் போதும், கூடெ கீமோவும். இந்த நோய் அதுக்கு நல்லா கேக்கும்."

கத்தி எட்டாத இடம் என்றதோடு என் காது மூடிக்கொண்டது. எங்கள் பக்கம் ரேடியேஷனைக் கரண்டு வைப்பது என்பார்கள். வெட்ட முடியாது என்று கைவிட்டவர்களுக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த வேகத்தில், சுவரில் தொங்கிய முருகன் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். "ஒண்ணுதான கேட்டேன்? இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று கத்தினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பேச்சியம்மாள் படத்தைத் திருப்பி மாட்டவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, படத்தின் முதுகுக்குக் குங்குமமும் பூவும் வைத்து விளக்கேற்றினாள். தினமும் அப்படியே செய்தாள். எனக்கோ கட்டி பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு நாள் பொறுக்காமல் எரிந்து விழுந்தேன்.

"யாருக்குடி விளக்கு? அந்த அட்டைக்கா?"

"மூஞ்சியத்தான திருப்பினீக. அவருக்குக் காது கேக்கும்லா."

"என்னத்த கேக்க அவருகிட்ட?"

"எப்படிக் குணமாக்கணும்னு நான் சொல்லல. டாக்டரு சொல்லுததுக்கு நீங்க ஒரு சரி சொல்லணும். அம்புட்டுதான் கேக்கேன்."

சொல்லிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமிக்கே வேலை சொல்லிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அவர் கொடுத்ததைக் காலால் தள்ளியிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் அவள் உள்ளே வந்ததும் "சரி, போவோம்" என்றேன். என் முரட்டுப் புத்திக்கு அது தானாக வந்த வார்த்தை இல்லை.

கோட்டயத்தில் இருவரும் தங்கியிருக்க, சிகிச்சை வாரக்கணக்கில் நடந்தது. வலை போல ஒரு கவசத்தை முகத்துக்கு அளவெடுத்துச் செய்து, மேசையோடு சேர்த்து மாட்டுவார்கள். அசைய முடியாது. அதற்குள் கிடந்து முருகா என்று மட்டும் சொல்வேன். வாயெல்லாம் புண். எச்சில் வற்றிப்போனது. கஞ்சியில் உப்புப் பட்டாலும் துடிப்பேன். கோபத்தில் தம்ளரைத் தள்ளிவிட்டதும் உண்டு. அவள் துடைத்துவிட்டு மறுபடி ஆற்றிக் கொண்டுவருவாள்.

மாசியில் ஸ்கேன் எடுத்தார்கள். நோய் தெரியவில்லை, தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைத் திருப்பச் சொன்னேன்.

"திருப்புன கைதான் திருப்பணும்" என்றாள்.

கழற்றிக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். பின் அட்டையில், முருகனின் நெற்றிக்கு நேர் பின்னால், அவள் வீட்டில் இருந்த நாளெல்லாம் வைத்த குங்குமம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப் போயிருந்தது. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அன்பானவர்களே, டாக்டர் நீங்கள் நினைக்காத வழியைச் சொன்னால் சாமி கைவிட்டார் என்று எண்ணாதீர்கள். அவரை நம்பிச் சரி சொல்லுங்கள். என்னைப் போல நாளைக் கடத்தாதீர்கள்.

இப்போதும் தண்ணீர் பாட்டில் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. தினமும் முன்பக்கம் பொட்டு வைப்பது நான்தான். அவர் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்க அதைவிட.