இல்லாத குழிக்கு ஒரு பூவரசங்கிளை

மழை ஓய்ந்து, ஈரம் காய்ந்து, மாசி பங்குனியில்தான் எங்களுக்குத் தார் வேலை வரும். உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த வருடங்கள் அவை. லாரிகள் உழுதுவிட்டுப் போன திருவொற்றியூர் சாலையில், குழிகளுக்கு ஜல்லி கொட்டித் தார் ஊற்றும் ஆட்களில் நானும் ஒருவன். நாங்கள் வரும்வரை அக்கம்பக்கத்தார் ஒரு பூவரசங்கிளையை ஒடித்துக் குழிக்குள் நட்டு வைப்பார்கள். கிளையைக் கண்டால் வண்டிகள் ஒதுங்கிப் போகும்.

காலடிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குழியில் என் அக்காள் புருஷன் செத்தார். எண்ணூரிலிருந்து உப்பு ஏற்றிவரும் ஒற்றை மாட்டு வண்டி அவருடையது. அன்றைக்கு அந்தக் குழியில் கிளை இல்லை. யாராவது அடுப்பெரிக்க எடுத்துப் போயிருக்கலாம், ஆடு இழுத்துப் போட்டிருக்கலாம். மழைத்தண்ணீர் சாலையின் மட்டத்துக்கே நின்றது. சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்தது. மூட்டைகள் அவர்மேல் விழுந்தன. மாடு மட்டும் கழுத்துக் காயத்தோடு எழுந்து நின்றது.

பங்குனியில் அந்தக் குழி எங்கள் முறைக்கு வந்தது. அது எந்தக் குழி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜல்லியைப் போட்டு இடித்தேன், மறுபடியும் போட்டு இடித்தேன்.

"இன்னாய்யா, கோயிலா கட்றே? வுட்டுட்டு வா" என்றார் மேஸ்திரி.

வண்டியை இப்போது அக்காளின் மாமனார் ஓட்டினார். குழியை மூடும்வரை, அதில் மறுபடி நட்டிருந்த கிளையைச் சுற்றி மாடு ஒழுங்காகப் போய்வந்தது. மூடிய குழியின் முன்னால் வந்ததும் மாடு நின்றுவிட்டது. அடித்தாலும் நகரவில்லை. இரண்டு நாள் உப்பு பாதி வழியிலேயே திரும்பிப் போனது. கிழவர் மாட்டைக் கசாப்புக்கு ஓட்டிவிடுவதாகச் சொன்னார். மாடு போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அக்காள் என்னைத் தேடி வந்தாள். "நீதானேடா அந்தக் குழிய மூடினே? நீயே வந்து அதுகிட்ட சொல்லு."

மறுநாள் காலை அக்காளோடு அந்த இடத்துக்குப் போனேன். கிழவர் வண்டியை ஓட்டி வந்தார். மாடு வழக்கம்போல நின்றது. நான் அந்தத் தார் ஒட்டின்மேல் ஏறி நின்று, கெட்டியாக இருக்கிறது என்று காட்டக் காலால் மிதித்தேன். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன.

"இன்னா நைனா, மாட்டுக்கு டான்ஸு கத்துக் குடுக்கிறியா? வழிய வுடுப்பா!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மாடு என்னைப் பார்க்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி எதையோ தேடியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓரத்தில் கிடந்த தார் டப்பாவில் மண்ணை அள்ளிப்போட்டு, ஒரு பூவரசங்கிளையை ஒடித்து நட்டு, அந்த ஒட்டின் நடுவில் வைத்தேன். மாடு மூச்சு விட்டது. கிளையைச் சுற்றி இடது பக்கமாக ஒதுங்கி, நிதானமாகப் போனது.

"அவரு ஓட்டின மாதிரியே போவுதுடா" என்றாள் அக்காள். சந்தோஷப்படுகிறாளா, பயப்படுகிறாளா என்று தெரியவில்லை. மாடு கிழவர் கயிற்றை இழுத்ததற்காகப் போகவில்லை; வேறு யாரோ கயிற்றைப் பிடித்திருப்பதுபோல இருந்தது.

அதன்பிறகு தினமும் வேலைக்குப் போகுமுன் அந்த டப்பாவில் புதுக்கிளை வைத்தேன். அதைப் பார்த்து மற்ற வண்டிகளும், சைக்கிள்களும், லாரிகளும்கூட ஒதுங்கின. இல்லாத குழியைச் சுற்றி ஊரே வளைந்து போயிற்று.

மேஸ்திரி ஒருநாள் கேட்டார்: "குழி எங்கய்யா?"

"இல்லீங்க."

"அப்ப இது இன்னாத்துக்கு?"

அவர் கிளையை எடுக்கக் குனிந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த மாடு கிழவருக்குப் பின்னும் சில வருடம் அந்த வீட்டுக்குச் சோறு போட்டு, கொட்டகையிலேயே செத்தது. அன்றைக்கு டப்பாவை எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தின்மேல் பஸ் ஓடுகிறது. நான் நடந்து வரும்போது, அங்கே வந்ததும் கால் நின்றுவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். கிளை எங்காவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.