ஜன்னல் திட்டு யாருடையது?

பிப்ரவரி மாதத்தில் எங்கள் ஊரில் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்பவை இரண்டுதான். ஒன்று தேவாலயக் கூரையில் உட்காரும் காக்கை. இன்னொன்று ஸ்னோடிராப் பூ. உறைந்த மண்ணிலிருந்து தலையை நீட்டும். நீட்டிய வேகத்தில், வந்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் தொங்கப்போட்டுக்கொள்ளும். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர்க்காரர்களான எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடைக்காது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. டாஃபடில் வீட்டுக்குள் வரலாம், ப்ரிம்ரோஸ் வரலாம். இந்த வெள்ளைப் பூ மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மறுவருஷம் அது பூப்பதற்குள் அந்த வீட்டில் ஒருவர் போய்விடுவார். இதையெல்லாம் நம்புவதில்லை என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே பூவை வெளியில் வைத்துவிட்டு உள்ளே போவார்கள்.

ஹெஸ்டர் ராக், பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் முழுக்க உருளைக்கிழங்கு மசித்தவள். கணவன் கிளெமென்ட் வாய்க்கால் தூர்வாரும் ஆள். பின்தோட்டத்தில் வேலியோரம் அவன் ஊன்றிய ஸ்னோடிராப் கிழங்குகள் பெருகிப் பெருகி, வருஷம் ஒருமுறை அந்த அழுக்குத் தோட்டத்தை வெளுத்துக் காட்டும். அவன் மண்டியிட்டு ஒவ்வொரு பூவாக நிமிர்த்தி, உள்ளேயிருக்கும் பச்சைக் கோட்டைப் பார்ப்பான். பொண்டாட்டி முகத்தை அப்படிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

நுரையீரல் கெட்டு அவன் படுத்தபோது, முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். ஈஸ்டர் வரை தாங்காது என்றார் மருத்துவர். முன்னறை ஜன்னலில் தெரிந்தது தெருவும் எதிர்வீட்டுப் புகைக்கூண்டும் மட்டுமே. பின்னால் பூ வந்துவிட்டதா என்று கிளெமென்ட் தினமும் கேட்டான். ஒரு பூ, ஒரே ஒரு பூ கொண்டுவா என்றான். ஹெஸ்டர் காது கேளாதவளாகிவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் மண்வெட்டியை எடுத்தாள். மண்ணோடு ஒரு கொத்தைப் பெயர்த்து மரத்தொட்டியில் வைத்து, முன்னறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் திட்டில் ஏற்றினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூ, இந்தப் பக்கம் புருஷன். கட்டுப்பாடும் உடையவில்லை, ஆசையும் குறையவில்லை. கட்டில் தாழ்வு, திட்டு உயரம். தொங்கும் பூக்கள் கீழே கிடந்தவனுக்குத் தங்கள் உள்பக்கத்தைக் காட்டின.

"பச்சைக் கோடு தெரியுது ஹெஸ்டர்," என்றான் கிளெமென்ட். "இத்தனை வருஷமா முட்டி தேயத் தேயப் பார்த்தேன். இப்ப படுத்துக்கிட்டே பார்க்கறேன். சொகுசுதான்."

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து, பன்றிக்கறி சாண்ட்விச்சும் தேநீரும் நடந்துகொண்டிருக்கும்போது, கிளெமென்ட்டின் அக்கா மியூரியல் ஜன்னலருகே போய் நின்றாள்.

"இந்தத் திட்டு எதோட சேர்த்தி ஹெஸ்டர்? சுவரோடதானே? சுவர் யாரோடது? வீட்டோடது."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டாள்.

ஊருக்கு ஒரு மாதத்துக்கு வேலை கிடைத்தது. கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் வெளிதான் என்றார் கொத்தனார். கூரையின் நிழல் விழும் இடம்வரை உள்தான் என்றது மதுக்கடையில் ஒரு கட்சி. திருச்சபைக்கு இதில் கருத்து இல்லை என்ற பாதிரியார், கோட்டை மாட்டிக்கொண்டே, அநேகமாக வெளி என்றார். அந்த 'அநேகமாக' ஹெஸ்டருக்குப் போதவில்லை. முன்னறைத் திரையை இழுத்து மூடினாள்.

மறு பிப்ரவரியில், யாரும் தண்ணீர் ஊற்றாத அந்தத் தொட்டியில் பூ வந்தது. ஹெஸ்டர் அதைத் தூக்கிவந்து அடுக்களை மேசை நடுவில் வைத்தாள். தேநீருக்கு வந்த மியூரியல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா?"

"பார்த்துடலாம். நான் போயிட்டா நீ சொன்னதுதான் சரி. போகலைன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது. சர்க்கரை ஒண்ணா ரெண்டா?"

பிறகு அவள் காத்திருந்தாள். அலமாரிகளைத் துடைத்தாள். நல்ல கறுப்புக் கோட்டை வெளுக்கப் போட்டாள். அடுத்த வாரம் சந்திக்கலாம் என்று யார் சொன்னாலும், பார்க்கலாம் என்றாள். ஈஸ்டர் போனது. கோடை போனது. சளிகூடப் பிடிக்கவில்லை.

மறுபடி பூ வந்தது. கெடு முடிந்தது. ஹெஸ்டர் ஜெயித்துவிட்டாள் என்று ஊர் சிரித்தது. மியூரியலும் தோற்றவர்களுக்கு உரிய மரியாதையோடு, தானே செய்த கேக்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். "பூவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உன்மேல ஒரு தப்பும் இல்லை."

ஹெஸ்டர் கேக்கை வெட்டாமல் கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சம்பந்தம் இல்லைன்னா," என்றாள், "அப்ப அவர் ஒரு காரணமும் இல்லாம சும்மாவே போயிட்டாரா?"

மியூரியல் கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக் கேக்கை வெட்டினாள். மேசை நடுவில் பூக்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தன.