மரத்தைச் சுற்றிய சின்னம்மா

சின்னம்மா பட்டப்பகலில் ஒரு வெள்ளைக்காரரின் கையோடு கை சேர்த்து, சினிமாவில் வருவதுபோல மரத்தைச் சுற்றி ஆடுகிறார் என்ற செய்தி, வெந்தயம் வாங்கப் போன இடத்தில்தான் அம்மாவுக்குக் கிடைத்தது. ஜெர்மன் நகரமான வுப்பர்டாலில் எங்கள் ஆட்களின் கடையை நடத்திய மாமியிடம் செய்தி எப்போதும் புதிதாக இருக்கும். கத்தரிக்காயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மாமி எதையும் நேரே சொல்கிறவர் அல்லர். வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே, "உங்கட தங்கச்சிக்கு இனி நாங்கள் மாப்பிள்ளை தேடத் தேவையில்லை என்ன?" என்று தொடங்கினாராம். பிறகுதான் பூங்கா வந்தது, மரம் வந்தது, கை வந்தது. அம்மா வெந்தயத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நாங்கள் ஊரைவிட்டு வந்தபோது அந்த வாயும் எங்களோடு விமானம் ஏறி வந்திருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அம்மாவின் தங்கையான சின்னம்மா, ஊரிலிருந்து வந்ததிலிருந்து என் அறையில்தான் இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் அவர் எனக்குத் தலை பின்னிவிட்டால் பொழுது சாயும்வரை ஒரு மயிர் அசையாது.

அவரைப் பற்றி வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சின்னம்மாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் போகக்கூடாது. பின்னாலிருந்து தொடவே கூடாது. வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் கிட்டப் போகவேண்டும். ஒருநாள் நான் விளையாட்டாக முதுகில் கைவைக்க, அவர் கையிலிருந்த குழம்புச்சட்டி சுவரில் போய் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். சின்னம்மாவுக்குக் கிச்சுக்கிச்சு அதிகம் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஓடும் எங்கள் நகரத்துத் தொங்குரயிலில் போனாலும் அவருக்கு முதுகைச் சாய்க்க ஒரு சுவர் வேண்டும். பெட்டியின் கடைசியில் இடமில்லையென்றால் அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்து நிற்போம். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அந்த வெள்ளைக்காரரை எனக்கும் தெரியும். எங்கள் தெருக் கூரைகளில் ஏறிப் புகைக்கூடு, அதாவது புகைபோக்கி, துடைக்க வருகிறவர். உச்சி முதல் உள்ளங்கால்வரை கறுப்பு உடுப்பு. புகைக்கூடு துடைப்பவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது இந்த நாட்டு ஆட்களின் நம்பிக்கை. தெருவில் போகிறவர்கள் அவருடைய சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டுப் போவார்கள். அவரும் கோயில் தூண்போல நின்று கொடுப்பார்.

ஒருநாள் சின்னம்மாவும் நானும் ஜன்னலடியில் துவாய் மடித்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக் கூரை முகட்டில் அவர் நடந்துகொண்டிருந்தார். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான். எங்கள் நகரத்துப் பிள்ளைகள் குடையோடுதான் பிறக்கின்றன என்று இங்கே ஒரு பகிடி உண்டு; அந்த அளவுக்கு மழை. ஓடெல்லாம் வழுக்கும். அவரோ பாதத்தைத் தூக்கியதாகவே தெரியவில்லை. சேற்றுக்குள் நடப்பதுபோல ஒவ்வொன்றாகச் சரித்துச் சரித்து வைத்தார். நடுவில் யாரோ பின்பக்கமிருந்து பலமாகக் கூப்பிட்டார்கள். அவர் திடுக்கிடவில்லை. முகட்டின் மேலேயே இடுப்பை முறுக்கி, பாதத்தை உள்வளைத்து, மெல்லத் திரும்பி நின்று பதில் சொன்னார். சின்னம்மா மடித்து முடித்த துவாயை மறுபடி விரித்து மறுபடி மடித்தார்.

பிறகு எங்கள் வீட்டு வெப்பமூட்டியைச் சோதிக்க (இங்கே அதுவும் அவர்களுடைய வேலைதான்) அவர் வந்தபோது, சின்னம்மா தன் அரைகுறை ஜெர்மனில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டார்களே, உங்களுக்கு ஏன் பயம் வரவில்லை? அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப் பூங்காவுக்கு வாருங்கள் என்றார்.

அப்படித்தான், அவர் அங்கே பழக்கிக்கொடுத்த பாகுவா என்ற சீனச் சண்டைக்கலை எங்கள் வீட்டுக்குள் வந்தது. சீனத்து மலைகளில் தாவோ வழித் துறவிகள் மனம் அடங்குவதற்காக வட்டம் வட்டமாக நடந்தார்களாம். பிற்பாடு அந்த நடைக்குள் சண்டை வந்து சேர்ந்ததாம். சின்னம்மா இதைச் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "எங்கட ஆக்கள் கோயிலைச் சுத்திப்போட்டு வெளியில வந்து சண்டை பிடிக்கிறவை. அவங்கள் சுத்திக்கொண்டே பிடிக்கிறாங்கள். நேரம் மிச்சம்" என்றார்.

வேலை முடிந்து வந்து குசினியில் ஒரு கதிரையை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சின்னம்மா நடப்பார். முழங்கால் மடிந்திருக்கும். இடுப்பு உள்ளே திரும்பியிருக்கும். ஒரு உள்ளங்கை கதிரையைப் பார்த்து விரிந்திருக்கும். கண் அந்த விரல் நுனியை விட்டு அசையாது. அம்மா கறிச்சட்டியோடு அந்த வட்டத்தைக் கடக்க நேரம் பார்த்து நிற்பார், தெருவைக் கடக்கிறவரைப்போல. சனி தோஷமென்றால் எள்ளெண்ணெய் எரித்தாலே போதுமே, இவ்வளவு சுற்றவேண்டுமா என்பார் அப்பா. சின்னம்மா அடுத்த சுற்றைத் தொடங்குவார். குசினித் தரையில் ஒரு வட்டம் மட்டும் மினுமினுப்பாகிக்கொண்டு வந்தது. எனக்கோ அவரைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. சின்னம்மா திரும்பும்போது, வீடே அவரைச் சுற்றித் திரும்புகிற மாதிரி இருக்கும்.

அடுத்த வருடம் இருவராக நடக்கிற பாடம் தொடங்கியது. இரண்டு பேர் மணிக்கட்டோடு மணிக்கட்டு தொட்டபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மரத்தைச் சுற்றுவார்கள். மாமி பார்த்தது அதைத்தான்.

அன்றிரவுச் சாப்பாட்டு மேசையில் அப்பா பகிடி விடவில்லை. ஊர் கதைக்கிறது, இனி அந்தப் பூங்காவுக்குப் போகவேண்டாம் என்றார். அம்மா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா அப்பாவை எதிர்த்து அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

"ஏலாது அத்தான்," என்றார் சின்னம்மா. குரல் உயரவில்லை. "இந்த ஞாயிறு எனக்குச் சோதினை. நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டும் வேண்டாமெண்டு சொன்னியளெண்டால் நான் விடுறன்."

அப்பா கொஞ்ச நேரம் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாறன்" என்றார்.

ஞாயிறு காலையில் அப்பா கல்யாண வீடுகளுக்குப் போடும் தோல் சப்பாத்தோடு புறப்பட்டார். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டார்; அவருடைய ஜெர்மன் மொழி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். பூங்காவில் பெரிய ஓக் மரமொன்றைச் சுற்றிப் புல் தேய்ந்து இரண்டு வட்டங்கள் தெரிந்தன. பெரியது எல்லோருக்கும். மரத்தை ஒட்டியிருந்த சின்ன வட்டம், தேறியவர்களுக்கு. அதில் சுற்றுவது கடினமாம், அடிக்கொருதரம் திரும்பவேண்டும்.

புகைக்கூடு துடைப்பவர் அன்று, அங்கே பழக வந்த மற்றவர்களைப்போலவே, சாதாரண மழைச்சட்டையில் நின்றார். அப்பாவுக்குக் கை கொடுத்துவிட்டு விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். இங்கே பழகுகிறவர்கள் எல்லோரும் மரியாதைக்காரர்கள்; ஒருவரை ஒருவர் நோகாமல் தள்ளுவார்கள். உள்வட்டத்துக்குப் போகிறவர், உண்மையாகவே தடுக்க நினைக்கிற ஒருவரோடு நடந்து காட்டவேண்டும். அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். இதைச் சொல்லிவிட்டு அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், உன் அப்பா சின்னம்மாவை நிறுத்தத்தானே வந்திருக்கிறார்?

நான் ஆம் என்று தலையாட்டினேன். நல்லது, நிறுத்தச் சொல் என்றார்.

"என்னவாம்?" என்று கேட்டார் அப்பா.

"நீங்களே சின்னம்மாவை நிப்பாட்டட்டாம்."

அப்பா கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். திரும்ப உள்ளே விட்டார். ஒரே வீட்டில் இருந்தும் மச்சாளுடைய கையை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக்கூட மேசையில் வைத்துவிட்டுத்தான் எடுக்கச் சொல்வார். சின்னம்மா பெரிய வட்டத்துக்கு வந்து முன்கையை நீட்டினார்.

"பரவாயில்லை அத்தான். கையை வையுங்கோ."

நடக்கத் தொடங்கினார்கள். முதலில் அப்பா கூச்சத்தில், சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிறவர்போலத்தான் தொட்டார். பிறகு தள்ளிப் பார்த்தார். தள்ளிய இடத்தில் சின்னம்மா இல்லை. கை மட்டும் ஒட்டியபடி இருந்தது. அப்பா இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், தோள் அகலமானவர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அவருக்கு மிகவும் பிடித்த சொல். இந்த அம்மியோ அடி விழமுன்பே நகர்ந்துகொண்டிருந்தது. குறுக்கே காலை வைத்தார், சின்னம்மா வளைந்து போனார். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார், கை மீன்போலக் கழன்றது. ஒரு தரம் அப்பா ஓக் மரத்தையே கட்டிப்பிடித்து நின்றார். மழைச்சட்டைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் வாயைப் பொத்த வேண்டியிருந்தது.

பிறகு அந்தத் தோல் சப்பாத்து வேலையைக் காட்டியது. அப்பா கை விட்டுப்போய், இரண்டடி பின்தங்கிச் சின்னம்மாவின் முதுகுப்பக்கம் வந்திருந்தார். ஈரப் புல்லில் கால் வழுக்கிற்று. விழப்போனவர் எட்டிப் பிடித்தது சின்னம்மாவின் தோளை. பின்னாலிருந்து, முழுப் பாரத்தோடு.

நான் கண்ணை இறுக மூடிக் காதையும் பொத்திக்கொண்டேன். குழம்புச்சட்டி எனக்கு மறக்கவில்லை.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது சின்னம்மா திரும்பி நின்றார். முழங்கால் மடிந்து, பாதம் உள்வளைந்து, கூரை முகட்டில் பார்த்த அதே திரும்பல். அவருடைய ஒரு கை அப்பாவின் முழங்கையைத் தாங்கியிருந்தது. மற்ற உள்ளங்கை அப்பாவின் நெஞ்சில் விரிந்து, விழப்போன மனிதரை நிமிர்த்தி வைத்திருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் மூச்சு சீராக வந்தது. தன் மூச்சையே கேட்கிறவர்போல நின்றார்.

"நான்தான் பிள்ளை, நான்தான்," என்றார் அப்பா.

"தெரியும் அத்தான்," என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

புகைக்கூடு துடைப்பவர் தலையசைத்து விலகி வழிவிட்டார். சின்னம்மா உள்வட்டத்தில் கால் வைத்தார்.

அப்பா ஒதுங்கி நின்று லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே இருந்தது. மழை அப்போது தூறவில்லை. ஒரு பெண்ணிடம் தோற்ற வெட்கத்தில் அழுகிறார் என்று நினைத்து, ஆனைக்கும் அடி சறுக்கும் அப்பா என்று அவரைப்போலவே ஒரு பழமொழியை எடுத்து அவருக்கு ஆறுதல் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்து, "சறுக்கட்டும் பிள்ளை," என்றார். "நல்லாச் சறுக்கட்டும்."

அந்தக் கிழமை அம்மா விட்டுவந்த வெந்தயத்தை அப்பாவே வாங்கப் போனார், நானும் போனேன். மாமி வாயைத் திறக்கமுன்னமே, "ஓம் அக்கா, அவ மரத்தைச் சுத்திறவதான். நானும் போய்ச் சுத்தினனான்" என்றார். மாமி வெந்தயத்தை இரண்டு தரம் நிறுத்தார்.

ஊரில் யுத்த நாட்களில், ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் தோளில் பின்னாலிருந்து விழுந்த கையைப் பற்றி அம்மா எனக்குச் சொன்னது, நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு. அதிகம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவுக்கு அது தொடக்கத்திலேயே தெரியும். வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தானாம்.

சோதினை முடிந்த அந்த ஞாயிறு நாங்கள் மூவரும் தொங்குரயிலில் திரும்பினோம். சந்தைக்குப் போய் வந்த சனம், பெட்டி நிறைந்திருந்தது. அடுத்ததற்கு நிற்கவேண்டும் என்று நான் அலுத்துக்கொள்ளமுன், சின்னம்மா ஏறிவிட்டார். பெட்டியின் நட்டநடுவில், நாலு பக்கமும் ஆட்கள் உரச, கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்றார். ரயில் ஆற்றுக்கு மேலே ஆடி ஆடிப் போயிற்று. அப்பா அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அன்று தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: பாவம் சின்னம்மா, சாய ஒரு சுவர் கிடைக்கவில்லை.